ஸ்டார்ட்டர் பாயிண்டைத் தேய்க்காதீர்கள்

வணக்கம். பென்னாகரம் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் உள்ள காண்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்சின்) பாயிண்ட், அதாவது தொட்டு இணையும் உலோக முனை, அடிக்கடி கருகி ஒட்டிக்கொள்கிறது, உப்புத்தாளால் தேய்த்தும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். பாயிண்டின் முகம் வெள்ளிக் கலவை. கருமை படிந்தாலும் மின்சாரம் பாயும். தேய்க்கத் தேய்க்க வெள்ளிதான் கரைகிறது.

குறைந்த மின்னழுத்தத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். காண்டாக்டரைக் காந்தமாக்கிப் பாயிண்டை இழுத்துச் சேர்ப்பது காயில் என்ற கம்பிச்சுருள். சாதாரண 415 வோல்ட் காயில் சரியாக இழுக்க 85 சதவீதமாவது, அதாவது சுமார் 350 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் காந்தப் பிடி தளர்ந்து பாயிண்ட் படபடவென்று தட்டக்கூடும். ஒவ்வொரு தட்டலிலும் நூலிழை இடைவெளியில் பிளாஸ்மா (மின்பொறியில் உண்டாகும் கொதிக்கும் வாயு) மூண்டு உலோகத்தை உருக்கும். மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக ஓடுவதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் பாய்வதால், உருகிய முகங்கள் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிவிடும். வெடிமருந்து இல்லாமல் மின்சாரத்தாலேயே குண்டை எறியும் மின்காந்தப் பீரங்கியிலும் இதே தொல்லைதான்: தண்டவாளங்களுக்கிடையே பாயும் அலுமினியத் துண்டு தொடுகையை இழந்ததும் பிளாஸ்மா மூண்டு தண்டவாளத்தை அரிக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்பிலும் இப்படி இரண்டு காண்டாக்டர்களை இழந்தோம். மோட்டார் கிளம்பும் நொடியில் மூன்று பேஸிலும் மின்னழுத்தத்தை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, தளர்ந்த திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். பாயிண்டுகளை ஸ்பிரிங்குடன் முழுத் தொகுப்பாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சமமாக இருக்காது. அளந்த எண்களை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.