விடியுமுன் படங்கு தேடும் மாமியார்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. 40 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியற்காலை 4 மணிக்கே எழுந்து, பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டது என்று, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தேடுகிறார். கதவைப் பூட்டினால் அவர் போடும் சத்தத்தில் லயத்தின் வரிசை வீடுகள் எல்லாமே விழித்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்தால், இந்தியாவுக்குப் போன தன் அக்காவைக் கேட்கிறார். அக்கா இறந்து 11 வருடமாகிறது என்றால், அப்போதுதான் கேட்டதுபோல் அழுகிறார். கணவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். நாத்தனார் ஹட்டனில் இருக்கிறார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். நான் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. பொய் சொல்லிச் சமாளிக்கலாமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, அந்தச் சாவுச் செய்தியை இனிமேல் சொல்லாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் புதிய நினைவைத்தான் முதலில் தின்னும். நேற்று நீங்கள் சொன்னது அவரிடம் இல்லை. தோட்ட மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அக்கா கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறிய நாள் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அக்கா புதிதாகச் சாகிறார். "அக்கா நன்றாகச் சமைப்பாரா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். பொய்யா மெய்யா என்பதைக் கோயில் பூசாரி தீர்க்கட்டும்.

என் அப்பா கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், நிறுவை பார்த்தவர். அவருக்கும் இதே மறதிதான். "நீங்கள் ஓய்வுபெற்று 15 வருடம் அப்பா" என்று தினமும் வாதாடித் தோற்றேன். கடைசியில் ஒரு சி.ஆர். கொப்பி, கணக்கு எழுதும் பெரிய நோட்டு, வாங்கிக் கொடுத்தேன். உட்கார்ந்து எடை எழுதினார், அதுவும் கிலோவில் இல்லை, அந்தக்கால றாத்தலில்!

நீங்களும் படங்கை ஒளிக்காமல் இடுப்பில் கட்டிவிடுங்கள். சூடாகத் தேநீரும் ரொட்டித் துண்டும் கொடுத்து, கூடையில் கீரையோ போஞ்சியோ போட்டு முன்னால் வையுங்கள். அந்த விரல்கள் வேலையை எளிதில் மறக்காது. சில நாள் இதுவும் பலிக்காது. அப்போது வாசல்வரை கூடவே நடந்து, குளிர் பட்டதும் திருப்பி அழைத்து வாருங்கள். மூடுபனி இறங்குமுன் விளக்கைப் போட்டுவிடுங்கள். மங்கல் வெளிச்சத்தில் நிழல்கள் அவரைப் பயமுறுத்தும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் மண்ணெண்ணெயும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஓரிரு நாளில் குழப்பம் சட்டென்று கூடினால், நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருக்கவேண்டாம். சிறுநீரில் கிருமித் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது எல்லாம் முதியவர்களை அப்படி ஆக்கும். உடனே வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். தைரொய்டு, பி12 இரத்தப் பரிசோதனைகள் செய்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் மூட்டிய இடம் வேறு. ஹட்டன் என்ன கடல் கடந்தா இருக்கிறது? மாதத்தில் ஒரு வாரம் நாத்தனார் வந்து தங்கட்டும், இல்லையென்றால் அம்மாவை அழைத்துப் போகட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் கையில் மாதம் ஏதாவது வைக்கவேண்டியது உங்கள் கணவர். கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துத் தபாலில் போடுங்கள். நான் சொன்னதாக இருக்கட்டும்.