இந்தியா மாதிரி வளரும் நாட்டில் அரசுக் கல்விக் கொள்கைக்குப் பெரிய சவால் எது?

எல்லோரும் நிதி என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்து, சிக்கல் ஆசிரியர் கணக்கில் இருக்கிறது.

2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகளுக்கு மிகாமல் இருந்தால் இரண்டு ஆசிரியர். அதே சட்டம்தான் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது; கட்டணத்தை அரசு ஈடுகட்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயம். சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பள்ளிக்கு வந்தால் தெரியும்.

63 பேர் படித்தபோது மூன்று ஆசிரியர்கள் இருந்தோம். பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போய் எண்ணிக்கை 57 ஆனதும் ஒருவர் ‘உபரி’ என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். இப்போது ஐந்து வகுப்புக்கு நானும் ஹெச்.எம்மும்தான். அவர் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் கூட்டத்துக்குக் கிளம்பினால் ஐந்தும் என் தலையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்ல வேண்டும். நடுவில் கல்வித்துறையின் எமிஸ் ஆப்பில் வருகைப் பதிவு வேறு. சிக்னல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் கிடைக்கும்.

2022இல் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் அருமையானது. பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் புத்தகங்களும் நன்றாகவே இருக்கின்றன. நடத்தத்தான் ஆள் வேண்டும். தலையை எண்ணாமல் வகுப்பை எண்ணி ஆசிரியர் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. செலவு கூடும், கூடட்டும்.

போன ஜூனில் ஒரு அப்பா மூன்றாம் வகுப்புப் பையனுக்கு டி.சி. கேட்டு வந்தார். “தப்பா நினைக்காதீங்க டீச்சர். பாப்பாவுக்கு எல்.கே.ஜி.ல இலவச சீட்டு கிடைச்சிருச்சு. இவனையும் பணம் கட்டி அங்கயே சேத்துட்டா ரெண்டும் ஒரே வேன்ல போயிரும்.” ஒரு இலவச சீட்டு, இரண்டு பிள்ளைகள்.

ஹெச்.எம். என்னைப் பார்த்தார், ஏதாவது பேசிப் பாருங்கள் என்கிற மாதிரி. எனக்கு வாய் வரவில்லை. என் மகளும் மெட்ரிக் பள்ளியில்தான் படிக்கிறாள். அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறார்.