தாமரைக்கு அல்லி நெருங்குன சொந்தம் இல்ல! உயிரின வகைப்பாடு பத்தி கேளுங்க, சொல்றேன்

காலேஜ்ல ரொம்ப வருஷமா பாட்டனி எடுக்குறேன். வகைப்பாடுன்னு போர்டுல எழுதுனாலே பசங்க கொட்டாவி விடுவாங்க, லத்தீன் பேர மனப்பாடம் பண்றதுதான்னு நெனச்சுக்கிட்டு. உண்மைல இது யாருக்கு யாரு பங்காளின்னு கண்டுபிடிக்கிற வேல. கேளுங்க.

கேள்வி: அக்கா, தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம்னு படிச்சேன், இப்ப இல்லங்குறாங்களே?

பதில்: நானும் அப்படித்தான்பா படிச்சேன். ரெண்டும் குளத்துல வளருது, சேத்துல கெழங்கு, மேல பெரிய பூ, யாரு பாத்தாலும் அக்கா தங்கச்சின்னுதான் சொல்வாங்க. ஆனா 1990கள்ல டிஎன்ஏவ வச்சு பாத்தப்போ தாமரை எங்கயோ போய் நின்னுச்சு, இன்னிக்கு உயிரோட இருக்குறதுல அதுக்கு நெருங்குன சொந்தம் யாருன்னா காஷ்மீர்ல நிக்கிற சினார் மரமும், மக்கடேமியா கொட்டை காய்க்கிற மரமும்தான்! மகரந்தத்த மைக்ரோஸ்கோப்ல வச்சா தாமரைல மூணு பள்ளம் தெரியும், அல்லில அது கிடையாது. மைக்ரோஸ்கோப் இல்லன்னா குளத்துப் பக்கம் போய் இலைய பாருங்க, அல்லி இலைல ஓரத்துலேர்ந்து காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும், தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவுல குடைக்கம்பி மாதிரி ஏறி தண்ணிக்கு மேல தூக்கி நிறுத்தும். ஒரே குளத்துல கெடந்து கெடந்து ரெண்டுக்கும் ஒரே சாயல் வந்துருச்சு, அவ்ளோதான்.

கேள்வி: மேடம், குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா கோயில்ல இருக்குற குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?

பதில்: இது வராம இருந்தாதான் ஆச்சரியம் :) உங்க ஒண்ணுவிட்ட தம்பி ஊர்லயே இருக்கான், நீங்க சென்னைக்கு வந்துட்டீங்கன்னு வைங்க, அவன்கிட்டேர்ந்தா நீங்க பொறந்தீங்க? ரெண்டு பேருக்கும் தாத்தா ஒண்ணு. சிம்பன்சியும் நாமும் பிரிஞ்சு சுமார் 60, 70 லட்சம் வருஷம் ஆச்சு, கோயில் குரங்கு வகையறா அதுக்கும் ரொம்ப முன்னாடி, சுமார் 2.5 கோடி வருஷம் முன்னாடியே தனிக்குடித்தனம் போயிருச்சு.

கேள்வி: சரி, தாத்தா ஒண்ணுன்னு எப்படி நிரூபிப்பீங்க? ஒத்துமை இருந்தா போதுமா? நீங்களே தாமரை கதைல போதாதுன்னுட்டீங்களே.

பதில்: சரியா புடிச்சீங்க. ஒத்துமைய விட தப்புதான் நல்ல சாட்சி. பேப்பர் திருத்துறப்போ பக்கத்து பக்கத்து பெஞ்ச் பசங்க ரெண்டு பேரும் சரியான விடை எழுதிருந்தா நான் கண்டுக்க மாட்டேன், ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒரே தப்ப, அதே எழுத்துப்பிழையோட எழுதிருந்தா பாத்து எழுதுனதுதான்னு தெரிஞ்சுரும்ல? நாய், ஆடு, மாடெல்லாம் வைட்டமின் சி-ய ஒடம்புக்குள்ளயே செஞ்சுக்கும், எலுமிச்சங்கா தேட வேண்டியதில்ல. அதுக்கான கடைசி படிய செய்யிற ஜீன் நம்மகிட்டயும் இருக்கு, ஆனா உடைஞ்சு கெடக்கு. சிம்பன்சிக்கும் குரங்குக்கும் அதே ஜீன் உடைஞ்சிருக்கு, உடைசல் பொதுவா இருக்கு, அதாவது ஒரே தாத்தாகிட்டேர்ந்து வந்த தப்பு. கினி பன்றிக்கும் (பேருதான் பன்றி, எலி வகையறா) அந்த ஜீன் உடைஞ்சதுதான், ஆனா உடைஞ்ச விதம் வேற, அது தனியா பண்ணுன தப்பு.

கேள்வி: தொல்காப்பியத்துலயே ஓரறிவு, ஈரறிவுன்னு வகைப்படுத்தியாச்சே, இந்த வகைப்பாட்டுக்கு அஸ்திவாரம் போட்ட லின்னேயஸுக்கு முன்னாடியே?

பதில்: ஆமா, அதுல மரபியல்ங்குற பகுதில இருக்கு, எனக்கும் ரொம்ப புடிக்கும். ஆனா அது புலன எண்ணி அடுக்குன ஏணி, சொந்தம் பாத்து போட்ட மரம் இல்ல. அதுல நண்டும் தும்பியும் நாலறிவு, சிதலும் (கரையான்) எறும்பும் மூணறிவு. சொந்தம்னு பாத்தா தும்பியும் எறும்பும் பூச்சி, நண்டு கொஞ்சம் தள்ளி. லின்னேயஸ் 1758 பதிப்புல திமிங்கலத்த மீன்லேர்ந்து எடுத்து பாலூட்டில வச்சாரே, அவரும் சொந்தம் பாத்து வைக்கல, உடலமைப்பு பாத்துதான் வச்சாரு. சொந்தம்ங்குற பேச்சு சூடு புடிச்சது 1859ல டார்வினுக்கு அப்புறம்.

கேள்வி: திமிங்கலம்னதும் கேக்குறேன், அதுக்கு யாரு சொந்தம்?

பதில்: நீர்யானை. இதுல நம்ம நாட்டு பங்கும் இருக்கு. ஜம்மு காஷ்மீர்ல காலாகோட்ங்குற எடத்துல ரங்கா ராவ்னு ஒரு புவியியலாளர் பாறை பாறையா சேத்து வச்சிருந்தாரு. பல வருஷம் கழிச்சு அதுலேர்ந்து பூனை அளவு, மான் சாயல்ல ஒரு பிராணியோட எலும்ப எடுத்தாங்க, இண்டோஹயஸ்னு பேரு, சுமார் 4.8 கோடி வருஷப் பழசு. காது எலும்புல ஒரு பக்கம் தடிமனா இருந்துச்சு, அந்தத் தடிப்பு திமிங்கல வகையறாவுக்கு மட்டும்தான் உண்டுன்னு நெனச்சிட்டு இருந்தாங்க! அதனால இது திமிங்கலத்துக்கு நெருங்குன, அழிஞ்சு போன பங்காளின்னு 2007ல வெளியாச்சு.

கேள்வி: முதலை பல்லி இனம்தானே?

பதில்: இல்ல. முதலைக்கு நெருங்குன சொந்தம் உங்க வீட்டு கோழி. ரெண்டுக்கும் இதயத்துல நாலு அறை.

கேள்வி: ஏன் அடிக்கடி பேர மாத்துறீங்க, பரீட்சைக்கு படிக்கிறவன் செத்தான்!

பதில்: எனக்கும் கடுப்புதான் தம்பி. நம்ம கருவேலம் அக்கேசியா நிலோட்டிகாவா இருந்துச்சு, இப்ப வாச்செலியா நிலோட்டிகா. அக்கேசியான்னு ஒண்ணா கட்டி வச்சிருந்தது ஒரே குடும்பக் கிளை இல்லன்னு தெரிஞ்சு பிரிச்சாங்க, அப்ப பேரு யாருக்குன்னு சண்ட. 2005ல வியன்னால நடந்த உலக தாவரவியல் மாநாட்டுல ஆஸ்திரேலியா மரங்களுக்குன்னு முடிவாச்சு. கிரேக்கத்துல அந்தப் பேரே முள்ளுமரத்துக்குத்தான் இருந்துச்சு, கடைசில முள்ளே இல்லாத ஊட்டி வாட்டில் மரம் அக்கேசியாவாம், முள்ளோட நிக்கிற கருவேலம் இல்லியாம். பிரிச்சது சரி, பேர குடுத்தது அநியாயம்னு இன்னிக்கும் சொல்வேன்.

கேள்வி: எல்லா உயிருக்கும் ஒரே மூதாதைன்னா பாக்டீரியாவும் நமக்கு சொந்தமா?

பதில்: தூரத்து சொந்தம். 1977ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லுக்குள்ள புரதம் செய்யிற ரைபோசோமோட ஆர்என்ஏவ ஒப்பிட்டப்போ, மீத்தேன் விடுற நுண்ணுயிருங்க பாக்டீரியாவே இல்ல, தனி வம்சம்னு தெரிஞ்சுது. ஆர்க்கியான்னு பேரு, மாட்டு வயித்துலயும் கோபர் கேஸ் தொட்டிலயும் இருக்கு. எல்லாருக்கும் பொதுவான மூதாதைய லூக்காம்பாங்க, அது மொத உயிர் இல்ல, இன்னிக்கு இருக்குற வம்சமெல்லாம் அதுல போய் சேரும், அவ்ளோதான். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மரபு எழுத்தத்தான் இன்னும் படிக்கிறோம். 1978ல மனுஷ இன்சுலினுக்கான குறிப்ப ஈ.கோலைங்குற பாக்டீரியாவுக்குள்ள வச்சாங்க, அது படிச்சு செஞ்சு குடுத்துச்சு, எங்க அப்பா ஃப்ரிட்ஜுல வச்சிருக்குற ஊசிமருந்து அந்த வழில வந்ததுதான்.