டிரெய்னர் என்றால் ஜிம் மாஸ்டர் இல்லை, அக்கா

வணக்கம் அக்கா,

உங்கள் மகன் அமெரிக்கா போய் அத்லெட்டிக் டிரெய்னராகப் படிக்க ஆசைப்படுகிறான் என்ற உங்கள் குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். "இவ்வளவு காசு கட்டி அமெரிக்கா போய்ப் படிப்பது, பந்து விளையாடுகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கவா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதைச் சொன்னீர்கள். அவர்மேல் தப்பில்லை. பாதிக் குழப்பம் அந்தப் பெயரால் வருகிறது. நமக்கு டிரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கக் கற்றுத் தருபவர். அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னர் மருத்துவப் பணியாளர். அங்குள்ள மருத்துவச் சங்கம் 1990லேயே இதைச் சுகாதாரத் தொழில்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

தண்ணீரும் தூக்குவார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் வெயிலில் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியில் ஒருவன் வெப்பத்தாக்கு வந்து சுருண்டு விழுந்தால், அவனை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் அவர்தான். முதலில் குளிரவை, அப்புறம் ஆம்புலன்சில் ஏற்று, அதுதான் பாடம். அரைமணி நேரம் தாண்டினால் உறுப்புகள் பழுதாகலாம், உயிரே போகலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தவனை அன்றைக்கு மறுபடி ஆட விடக்கூடாது. கோச் கத்துவார், பையனே கெஞ்சுவான். "முடியாது" என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். காயம்பட்டவர் களத்துக்குத் திரும்பலாமா என்பதை மருத்துவக் குழுதான் முடிவு செய்யும், கோச் அல்ல என்று பெரிய விளையாட்டுக் கல்லூரிகளுக்கு 2016ல் விதியே கொண்டுவந்தார்கள். உங்கள் மகன் அப்படி நிற்பானா? என் முதல் கேள்வி அதுதான். மார்க் அப்புறம்.

மிச்ச நேரம் சலிப்பானது. அதிகாலையில் வரிசையாகக் கணுக்கால்களுக்கு டேப் சுற்றுவது, குறிப்பு எழுதுவது, காயத்திலிருந்து மீள்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சனி ஞாயிறு அணியோடு பஸ்ஸில் போவது. நண்பர்கள் கல்யாணமெல்லாம் வார இறுதியில்தான் வரும், போக முடியாது.

படிப்பு விஷயத்தில் கவனமாக இருங்கள். முன்பு இளநிலைப் பட்டத்தோடு இந்த வேலைக்குள் நுழையலாம். 2022க்குப் பிறகு அந்த இளநிலைப் படிப்புகளில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை, இப்போது முதுநிலைப் பட்டம்தான் வாசல். அதுவும் கேட் (CAATE) என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பாக இருக்க வேண்டும். முடித்தபின் பிஓசி (BOC) என்ற சான்றிதழ்த் தேர்வு, அதற்குமேல் பெரும்பாலான மாநிலங்களில் தனி உரிமம். இதைச் சரிபார்க்காமல் 'உடற்பயிற்சி அறிவியல்' என்ற பெயரைப் பார்த்து அங்கே போன ஒரு மாணவி, கடைசி ஆண்டில்தான் தேர்வுக்கே உட்கார முடியாது என்று தெரிந்து என்னிடம் வந்தாள். ஏஜென்ட் சொன்னதை நானும் அன்றைக்குக் குறுக்குக்கேள்வி கேட்கவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

வேலைக்கென்று சிங்கப்பூரர்களுக்குத் தனியாக எச்-1பி1 விசா உண்டு, ஆண்டுக்கு 5,400 பேர் வரை. ஆனால் முதலில் ஒரு கல்லூரி அவனை வேலைக்கு எடுக்க வேண்டுமே.

சரி, திரும்பி வந்தால்? எனக்குப் பெரிய கவலை இதுதான். இங்கே சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்ட் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படும் தொழில். அத்லெட்டிக் டிரெய்னர் என்று ஒரு பதிவே கிடையாது. அமெரிக்கப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே பிசியோ என்று போர்டு மாட்ட முடியாது. நம் பல்கலைக்கழகங்களில் அணிக்கு ஒருவர் என்று முழுநேரமாக வைக்கும் வழக்கமும் இல்லை.

அதனால் நான் சாய்வது பிசியோ பக்கம். ரிபப்ளிக் பாலிடெக்னிக்கில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் டிப்ளோமாவை முடிக்கட்டும். பிறகு தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. பிரிவு நம் கையில் இல்லை, ஆனால் மெடிக்காக, அதாவது மருத்துவ உதவியாளனாகப் போட்டால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், முதலுதவி கைக்குள் வந்துவிடும். அதற்குப் பின் பொங்கோலில் எஸ்ஐடி பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பிசியோதெரபி பட்டம். போட்டி கடுமை, அதனால் ஜிபிஏவை, அதாவது மதிப்பெண் சராசரியை, இப்போதே காக்க வேண்டும். உபகாரச் சம்பளம் கிடைத்தால், படிப்புக்குப் பின் அவர்களிடம் வேலை செய்தாக வேண்டும் என்ற பாண்ட் இருக்கும். சில ஆண்டுகள் பொது மருத்துவமனையில் முதியவர்களை நடக்கவைக்கும் வேலைதான் அதிகம் வரலாம். அதை அவன் கீழ்வேலையாக நினைத்தால் இந்தத் துறையே வேண்டாம். அதற்கப்புறம் சாங்கி பொது மருத்துவமனையின் விளையாட்டு மருத்துவ மையம், காலாங்கில் தேசிய வீரர்களுக்கான பணி என்று முயன்று பார்க்கலாம். அமெரிக்க ஆசை அப்போதும் விடவில்லையென்றால், கையில் ஒரு பட்டமும் தொழிலும் இருக்கும்போதே முதுநிலைக்குப் போகட்டும்.

இதற்கிடையில் காசில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. பாலிடெக்னிக்குகளும் பல்கலைக்கழகங்களும் மோதும் ஐவிபி ஆட்டங்கள் நடக்கும்போது பாலிடெக்னிக் அணிக்கு முதலுதவித் தொண்டனாக ஒரு சீசன் முழுக்க நிற்கட்டும். ஆட வேண்டாம், ஓரத்தில் நிற்பது மட்டும். முழங்கால் தசைநார் கிழிந்தபோது அவனைக் கவனித்துக்கொண்ட பிசியோவைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றீர்கள். கவனிக்கப்படுவது வேறு, கவனிப்பது வேறு. பத்து ஆட்டம் நின்றால் அவனுக்கே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மாலை அவனை அனுப்புங்கள். தனியாக அனுப்புங்கள் அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். போன முறை நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவன் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்த்தான்.