அப்பாவின் பழைய பிக்கப்: வயரிங்குக்கு முன்னால் ஆவணம்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். அப்பா வைத்திருந்த 1968 மாடல் மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப், வாழைத்தார் ஏற்றிய வண்டி. சரக்கு வாகனமாகப் பதிவானது. இருபது வருஷத்துக்கு மேலாக ஷெட்டில் நிற்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வயரிங் முழுக்கப் பாழாகி, ஆர்.சி. புத்தகமும் போய்விட்டது. அப்பா 2011-இல் காலமானார். உயில் கிடையாது. அம்மா, அண்ணன், தங்கை, நான் இருக்கிறோம். வீட்டிலேயே வயரிங் மாற்றி, டீசல் இன்ஜின் போட்டு ஓட்ட ஆசை. அண்ணன், 'பொதுச் சொத்து, கை வைக்காதே' என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சேஸிஸ் எண். துரு எடுக்க மணல் வீச்சுக்கோ கிரைண்டருக்கோ கொடுப்பதற்கு முன், எண் பொறித்த இடத்தைக் கம்பித் தூரிகை போடாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். அதன்மேல் தாள் வைத்துப் பென்சில் பிரிண்ட் மூன்று எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போட்டோவும் எடுங்கள். இன்ஜின் எண்ணுக்கும் அப்படியே. வெள்ளத்தில் கிடந்த இரும்பில் எழுத்தின் ஆழம் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஒரு தடவை தேய்த்தால் போயிற்று. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கும்போது எண் படிக்க முடியாத வண்டி திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். மங்கிவிட்டதே என்று நீங்களாகப் பொறிக்கவே கூடாது. பதிவு அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அவர் அனுமதித்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

உங்கள் அண்ணன் சொல்வது சரி. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நால்வருக்கும் அந்த வண்டியில் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன தங்கை என்று விட்டுவிடாதீர்கள். இ-சேவை வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்றவர்களிடம் 'இவர் பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். பங்குக்குப் பணம் தருவதானால் தொகையை அதிலேயே எழுதிவிடுங்கள். பழைய வண்டிக்கு விலை ஏறிய பிறகுதான் இந்தச் சண்டைகள் முளைக்கின்றன. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இறந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது, தாமதத்துக்கான கட்டணம் சேரும்.

ஆர்.சி. தொலைந்ததற்குக் காவல்துறையில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி, படிவம் 26-இல் நகல் கேளுங்கள். இவ்வளவு பழைய பதிவு கணினியில் ஏறியிருக்காது. வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 'பி ரெஜிஸ்டர்' (வண்டிப் பதிவு விவரங்களை அலுவலகம் எழுதி வைத்த பேரேடு) நகல் கேட்டு, அதைக் கொண்டு பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது, போடச் சொல்ல வேண்டும். வாய்மொழியாக 'இல்லை' என்றால் திரும்பி வராதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கொடுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். பழைய இன்சூரன்ஸ் தாள், வரி ரசீது, பெர்மிட் நகல் எது இருந்தாலும் இணையுங்கள். ஓடாத காலத்து வரியும் இதில் எழும். வண்டி நிற்பதாக அப்பா எழுதிக் கொடுத்த கடிதம் கிடைத்தால் அது பொன் போன்றது.

அடுத்தது எந்த வழியில் பதிவு என்பது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 81ஏ முதலான விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சொந்த உபயோக வண்டி 'விண்டேஜ்' ஆகும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் போட, பழுதுபார்க்க என்பதற்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். வாழைத்தார் ஏற்ற முடியாது. தினமும் ஓட்ட வேண்டுமென்றால் படிவம் 25-இல் சாதாரணப் புதுப்பித்தல்தான் வழி. இரண்டுக்குமே முன்னதாகப் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி பாக்கி இல்லை என்று வாங்கி, சரக்கு வாகனத்தைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றுவது நல்லது.

டீசல் இன்ஜின் ஆசையை விட்டுவிடுங்கள். இன்ஜினையோ சேஸிஸையோ மாற்றிய வண்டி விண்டேஜ் கணக்கில் வராது. சாதாரணப் பதிவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அதே சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய பெட்ரோல் இன்ஜினையே போரிங் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து) ஓட்டுங்கள்.

வயரிங்கை நீங்களே மாற்றலாம், ஆர்.சி.யில் எழுதிய விவரம் எதுவும் அதனால் மாறாது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டாலும் அப்படித்தான், ஆனால் டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியை மின்சுற்றிலிருந்து கழற்றிவிட வேண்டும். வெள்ளத்தில் நனைந்த வயரைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். செம்புக்குள் பச்சை பூத்திருக்கும், மேலே தெரியாது. வீட்டு வயர் வேண்டாம். ஒற்றைக் கம்பியாக இருந்தால் அதிர்வில் முறியும். பல இழை ஆட்டோ கேபிள் வாங்குங்கள். ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மி.மீ., பார்க்கிங், இண்டிகேட்டருக்கு 1 போதும். 60/55 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், 15 ஆம்பியர் ஃபியூஸும் ரிலேயும் போடுங்கள். 100/90 வாட் பல்பு 16 ஆம்பியரைத் தாண்டும். பழைய ஸ்விட்ச் உருகும், எதிர்வரும் ஓட்டுநர் கண் கூசும், சோதனையிலும் நிற்காது. கேபின் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம். புதுப் பெயின்ட் அடித்த பிறகு லைட் மங்கினால் வயரைக் குறை சொல்லாமல் எர்த் வயரை வண்டியின் உடலோடு இணைக்கும் போல்ட் அடியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

கேபிள், ஃபியூஸ் பெட்டி பில்களையும் ஒவ்வொரு கட்டத்துப் போட்டோவையும் சேர்த்து வையுங்கள். நாளைக்குத் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

பதிவு உயிர்பெறும்வரை சோதனை ஓட்டம் உங்கள் தோப்புக்குள் மட்டும். ஆய்வுக்கு வேறொரு லாரியில் ஏற்றிக் கொண்டு போங்கள். பதிவில்லாமல் சாலையில் ஓட்டினால் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதம், வண்டியும் பிடிபடும். அதைவிடப் பெரிது: பதிவில்லாத வண்டி விபத்தானால் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எல்லாம் கொடுத்தும் மறுத்தால் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். அதற்கும் பலனில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அன்றைக்கு உங்கள் கையில் அந்தப் பென்சில் பிரிண்டும் பி ரெஜிஸ்டர் நகலும் இருக்க வேண்டும்.