பில்லைப் பார்த்தா பாட்டுக் கேட்பது?

கேள்வி: மை பிளடி வாலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தை ஷூகேஸ் (shoegaze, கிடார் இரைச்சலில் குரலைக் கரைக்கும் ராக் வகை) இசையின் உச்சம் என்கிறார்கள். இரண்டரை வருஷம் இழுத்தடித்து, 19 ஸ்டுடியோ மாறி, இரண்டரை லட்சம் பவுண்டைக் கரைத்து, வெளியிட்ட கம்பெனியையே திவாலாக்கியதாம். போட்டுக் கேட்டால் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஊரை ஏமாற்றுகிறார்களா?

பதில்: கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் திவாலானதாக யார் சொன்னது? ‘லவ்லெஸ்’ வந்தது 1991 நவம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே கம்பெனி பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் ‘ஸ்க்ரீமடெலிகா’வை வெளியிட்டிருந்தது, அடுத்த ஆண்டு அது சிறந்த ஆல்பத்துக்கான முதல் மெர்க்குரி பரிசை வாங்கியது. 1992-ல் கம்பெனியின் ஏறக்குறைய பாதிப் பங்கு சோனிக்குப் போனது. 1993-ல் ஒயாசிஸ் குழுவினர் வந்து சேர்ந்தார்கள், அப்புறம் பணம் கொட்டியது. எப்போதும் கைக்கும் வாய்க்குமாக ஓடிய கம்பெனி, உண்மைதான். ஆனால் கடன் முழுவதையும் ஒரே ஆல்பத்தின் தலையில் கட்டினால் கதை சொல்ல வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டரை லட்சம் என்ற கணக்கைக் குழுவின் தலைவரும் கிடார் கலைஞருமான கெவின் ஷீல்ட்ஸ் ஒப்புக்கொண்டதே இல்லை. செலவில் பெரும்பகுதி குழுவினர் சாப்பிட்டு, வாடகை கொடுத்து உயிர்வாழ ஆனது என்பது அவர் தரப்பு.

சரி, அந்தச் சத்தத்துக்கு வருவோம். நூறு கிடாரை அடுக்கியதுபோல் கேட்கிறது, இல்லையா? பல பாட்டுகளில் ஒன்றிரண்டு கிடார் டிராக்தான். ஷீல்ட்ஸ், தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே தந்திகளை மீட்டுவார்; கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) முழுவதும் சுருதியிலிருந்து வழுக்கி வழுக்கித் திரும்பும். அதன்மேல் எதிரொலியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பும் எஃபெக்ட். டிரம்மர் கோல்ம் ஓ கியோசிக் உடம்பு சரியில்லாமல் இருந்ததால், பெரும்பாலும் அவர் வாசித்ததைத் துண்டுதுண்டாகப் பதிவுசெய்து (சாம்பிள்), அவற்றை அடுக்கித் தாளம் கட்டினார்கள். இதற்கெல்லாம் பணத்தைவிடக் காதும் பொறுமையும்தான் அதிகம் வேண்டும். பிடிவாதமும் வேண்டும், அது ஷீல்ட்ஸிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. பேஸ் கிடார் கலைஞர் டெபி கூஜின் பெயர் உறையில் இருக்கிறது, ஆல்பத்தில் பேஸை ஏறக்குறைய முழுவதும் வாசித்தவர் ஷீல்ட்ஸ். இது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

வரி புரியாதது விபத்தல்ல. தூங்கிக்கொண்டிருந்த பாடகி பிலிண்டா புட்சரை எழுப்பிப் பாட வைத்த நாட்கள் உண்டு. அந்தத் தூக்கக் கலக்கம் குரலில் அப்படியே இருக்கிறது. பிறகு அதைக் கிடாருக்குச் சமமாக, சில இடங்களில் கிடாருக்கும் கீழே வைத்துக் கலந்தார்கள். அங்கே குரலும் ஒரு வாத்தியம். வரிகள்தான் முக்கியம் என்றால் உங்களுக்கு வேறு நூறு குழுக்கள் இருக்கின்றன, இந்தக் கடையில் அந்தச் சரக்கு கிடையாது.

ஷீல்ட்ஸைத் திட்டியே ஆக வேண்டுமா? அதற்கு நல்ல காரணம் ஒன்று தருகிறேன். கிரியேஷன் கைவிட்ட பிறகு 1992-ல் ஐலண்ட் என்ற இசை நிறுவனம் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. ஷீல்ட்ஸ் தெற்கு லண்டனில் சொந்த ஸ்டுடியோவே கட்டினார். ஆனால் ஐலண்டுக்குக் கடைசிவரை ஆல்பம் போய்ச் சேரவில்லை. அடுத்த ஆல்பம் வந்தது 2013 பிப்ரவரியில், குழுவே தன் இணையதளத்தில் வெளியிட்டது. 21 வருஷம் காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் முண்டியடித்ததில் தளம் படுத்துவிட்டது.