சண்டை போட்டால்தான் லெவல் ஏறுமா?

அண்ணாவுக்கு வணக்கம். கல்முனையில் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில் டிஎன்டி (Dungeons & Dragons, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு விளையாடுகிறோம். கதை மட்டக்களப்பு வாவிக்கரையில் நடக்கிறது. மீனவர், தேன் எடுப்பவர், கூத்து அண்ணாவியார் எல்லாம் பாத்திரங்கள். சண்டைக்குத்தான் எக்ஸ்பீ (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) என்பதால் அண்ணாவியாரும் கத்தி தூக்குகிறார். டியூசனால் வர முடியாத ஒருவன் இரண்டு லெவல் பின்னால் நிற்கிறான். லெவலே இல்லாமல் பாத்திரங்களை வளர்க்க முடியாதா?
– ஒரு வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

முடியும். ஆனால் ஐந்தாம் பதிப்பில் இருந்து லெவலை மட்டும் கழற்ற முடியாது. உயிர்ப்புள்ளி, மந்திரம், தேர்ச்சி எண் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. அதே விதியில் தொடர்வதென்றால் எக்ஸ்பீயை விட்டுவிட்டு, கதையில் ஒரு கட்டம் முடிந்ததும் வந்தவர், வராதவர் எல்லோரையும் சேர்த்து ஏற்றுங்கள். டியூசன்காரனின் சிக்கல் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

உங்கள் கதைக்குப் பொருந்துவது 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டின் வழி. அதில் லெவல் கிடையாது, ஒவ்வொரு திறனுக்கும் ஒரு நூற்றுவீதம், அதுதான் அந்தத் திறன் வெல்லும் வாய்ப்பு. தொழில் திறனுக்கு 50, பழகிய இரண்டுக்கு 35, மற்றவற்றுக்கு 15 என்று தொடங்குங்கள். மீனவருக்குத் தொழில் மீன்பிடி, தோணி பழகிய திறன் என்று வைப்போம். முகத்துவாரத்தில் காற்று அடிக்கும்போது மீனவர் தோணியைக் கரை சேர்த்தால் ‘தோணி 35’க்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி. ஒரு அமர்வில் ஒரு திறனுக்கு ஒரு புள்ளடிதான். அமர்வின் முடிவில் இரண்டு பத்துமுக டைஸால் (ஒன்று பத்தின் இடம், மற்றது ஒன்றின் இடம்) 1 முதல் 100 வரை ஓர் எண் உருட்டி 35ஐத் தாண்ட வேண்டும். 62 விழுந்தால் ஆறுமுக டைஸ் உருட்டி, வந்ததைக் கூட்டுங்கள். 4 வந்தால் தோணி 39. (கூட்டும் அளவு பதிப்புக்குப் பதிப்பு மாறும்.) 30இல் இருக்கும் திறன் ஒரு புள்ளடிக்குச் சராசரியாக 2.45 ஏறும், 80இல் இருப்பது 0.7தான். பின்தங்கியவன் தானாகவே நெருங்கி வருவான். வராத நாளுக்கும் அவனுக்கு ஒரு புள்ளடி கொடுங்கள்.

இது கெடுவது பெரும்பாலும் புள்ளடி வேட்டையில். ஒருவர் பூட்டைத் திறந்ததும் மற்ற நால்வரும் அதே பூட்டைத் திறக்கப் பார்ப்பார்கள். தோற்றால் இழப்பு உண்டு என்ற இடத்தில் மட்டும் புள்ளடி என்று உருட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்தது, 15இல் உள்ள திறன் வெல்வதே அரிது, அதனால் வளரவும் வளராது. அதற்கு, ஆளுக்கு ஒரு தோல்வியையும் அமர்வுக்கொரு தடவை குறிக்க விடுங்கள். டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டில் தோல்விக்கும் எக்ஸ்பீ உண்டு. அந்த யோசனை இங்கேயும் நன்றாக வேலை செய்யும். திறன்களை நுணுக்கமாக உடைக்கவும் வேண்டாம். கூத்தை வடமோடி, தென்மோடி என்று பிரித்தால் அண்ணாவியாரின் புள்ளடிகள் இரண்டாகச் சிதறும். ‘கூத்து’ என்று ஒன்றே போதும்.

முதல் நாளே எல்லோருக்கும் சொல்ல வேண்டியது, இங்கே அனுபவத்தால் உயிர்ப்புள்ளி கூடாது. பத்து மாதம் ஆடிய வீரனும் ஒரு வெட்டில் சாகலாம். எனக்கு இந்த வழி பிடித்ததே இதனால்தான். சண்டைக்கென்று தனிப் பரிசு இல்லை, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அண்ணாவியாருக்கு ஊர்ச்சபையில் பாடி ஆளை வெல்வது கத்தியைவிட லாபமாகிவிடும். அந்தப் பாத்திரத்தை மாற்றிவிடாதீர்கள், அருமையான பாத்திரம்.

பத்துமுக டைஸ் இல்லையென்றால் 0 முதல் 9 வரை எழுதிய துண்டுகளை ஒரு டின்னில் போட்டு இரண்டு தரம் எடுங்கள், முதலாவது பத்தின் இடம். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 11, 22, 33 வரவே வராது. இரண்டும் 0 என்றால் 100.